பேப்பர் விலை வேறு, லோடு விலை வேறு

நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலை செய்தித்தாளில் வருகிறது. அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அந்த விலையை வைத்து வட்டி, தீவனம், கூலி என்று கணக்குப் போட்டு முட்டைக்கோழிப் பண்ணை தொடங்கப் போகிறவர்களும், என்னைப்போல வீட்டுச் சூழ்நிலையால் திடீரென்று பண்ணைப் பொறுப்பை ஏற்க நேர்ந்தவர்களும் இதைப் படித்துவிட்டு மேலே போங்கள். யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தால், 2021-இல் நான் இழந்த ஒன்பது லட்சத்துச் சொச்சத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். மீதிப் பாதி எப்படியும் போயிருக்கும். அந்த ஆண்டு அப்படிப்பட்ட ஆண்டு.

எங்கள் பண்ணை புதுச்சத்திரம் பக்கம். பத்தாயிரம் கோழி. வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய எண்ணிக்கையாகத் தெரியும். நாமக்கல்லில் லட்சக்கணக்கில் கோழி வைத்திருப்பவர்கள் நடுவே நாங்கள் கடைசி வரிசை. மாமனார் முப்பது ஆண்டுகளாக நடத்தியது. 2020 முடியும்போது அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சும் குழறியது. கணவருக்கு லாரித் தொழில், வடமாநில லோடு. போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். பி.காம். படித்திருக்கிறேன் என்ற ஒரே தகுதியோடு நான் பண்ணைக்குள் போனேன். கோழியைப் பற்றிக் கற்றுக்கொள்வது எனக்குச் சிரமமாக இல்லை. தடுப்பூசி அட்டவணை இருக்கிறது, தீவன அளவு இருக்கிறது, கேட்டால் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது, கால்நடை மருத்துவக் கல்லூரியும் நாமக்கல்லிலேயே இருக்கிறது. முட்டை கூண்டுக்கு வெளியே உருண்டு வந்த பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. மாமா அந்தக் கணக்கையெல்லாம் தலையிலேயே வைத்திருந்தார்.

முதல் மாதக் கணக்கைப் பார்த்தபோது எங்கோ கூட்டல் தவறியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அறிவிக்கப்பட்ட விலையை முட்டை எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகைக்கும் வங்கிக்கு வந்த தொகைக்கும் நடுவே லட்சத்துக்கு மேல் இடைவெளி. வழக்கமாக லோடு ஏற்றும் வியாபாரியைக் கேட்டேன். மாமாவைவிட நாலைந்து வயது சின்னவர், நல்ல மனிதராகத்தான் பேசுவார். "அம்மிணி, பேப்பர் விலை பேப்பருக்கு, லோடு விலை லோடுக்கு. உங்கள் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்" என்றார். மாமாவிடம் கேட்டேன். அவர் இடது கையால் காற்றில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். மைனஸ்.

தொழிலில் இருப்பவர்களுக்கு இது பால பாடம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது என்இசிசி, ஒரு விலையை அறிவிக்கிறது. வியாபாரி பண்ணையில் லோடு எடுக்கும்போது அதிலிருந்து சில பைசாக்களைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார். அந்தக் கழிவுதான் மைனஸ். போக்குவரத்து, உடைசல், முட்டையின் அளவு, சந்தை மந்தம் என்று காரணம் மாறும், கழிவு மட்டும் நிற்பதில்லை. அந்தச் சமயத்தில் எனக்குப் பெரும்பாலும் 45 பைசா கழித்தார்கள். 45 பைசாதானே என்று தோன்றும். நாளைக்கு 8,500 முட்டை என்றால் 3,825 ரூபாய். மாதத்துக்கு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். பண்ணையில் வேலை செய்யும் இரண்டு குடும்பங்களின் கூலியும் மின்சாரக் கட்டணமும் சேர்ந்தால்கூட அவ்வளவு வராது.

அடுத்த பக்கத்தையும் பாருங்கள். ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் வரை தின்னும். பத்தாயிரம் கோழிக்கு 1,100 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் தீவனம் மட்டுமே 33,000 ரூபாய். அறிவித்த விலை 4.50 என்று வைத்துக்கொண்டால் 8,500 முட்டைக்கு 38,250 ரூபாய் வரவேண்டும். மைனஸ் போக 4.05 ரூபாய்க்குக் கைக்கு வருவது 34,425. அதாவது தீவனச் செலவு போக 5,250 ரூபாய் நிற்கவேண்டிய இடத்தில் 1,425 ரூபாய்தான் நிற்கிறது. கூலி, மருந்து, மின்சாரம், வட்டி, முட்டை ஓய்ந்து ஒன்றரை ஆண்டில் கழித்து விற்றுவிடப் போகும் கோழியின் விலை எல்லாம் அந்த 1,425-க்குள் அடங்கவேண்டும். ஒரு குஞ்சை முட்டையிடும் பருவத்துக்குக் கொண்டுவரவே எங்களுக்கு 280 ரூபாய்போல ஆகியிருந்தது. வங்கியில் கொடுக்கும் திட்ட அறிக்கையில் இந்தக் கழிவு இருக்காது. அறிக்கை தயாரித்துக் கொடுப்பவர் அறிவித்த விலையைப் போட்டு லாபம் காட்டுவார், வங்கியும் அதை நம்பிக் கடன் கொடுக்கும், தவணை மட்டும் உண்மையான பணத்தில் கட்டவேண்டும். புதிதாகக் கடன் வாங்குகிறவர்கள் அறிவித்த விலையில் குறைந்தது 50 பைசா குறைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் தவணை கட்ட முடிகிறதென்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

மைனஸைவிட என்னை அதிகம் எரிச்சலூட்டியது, எந்த நாளின் விலை என்ற கேள்வி. இதை நான் கண்டுபிடிக்க மாதங்கள் ஆயின. விலை ஏறுமுகத்தில் இருக்கும்போது, லோடு சொல்லிவிட்ட நாளின் விலை என்பார்கள். இறங்குமுகத்தில் இருக்கும்போது, லோடு இறங்கிய நாளின் விலை என்பார்கள். ஏறினாலும் இறங்கினாலும் எனக்குக் கிடைப்பது இரண்டில் குறைந்தது. இதற்கு எந்த ஆதாரமும் மிஞ்சாது. வியாபாரியின் ஆள் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தரும் கையகலச் சீட்டில் அட்டை 280, உடைசல் 2, புல்லட் 11 என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கும். அடியில் ஒரு கோடு. விலை எழுதியிருக்காது, தேதி சில நாள் இருக்கும் சில நாள் இருக்காது. அட்டை என்பது முப்பது முட்டை அடுக்கும் தட்டு. புல்லட் என்பது கோழி புதிதாக முட்டையிடத் தொடங்கும்போது வரும் சின்ன முட்டை. அதற்கு விலை குறைவு என்பது நியாயம். எது புல்லட் என்பதை லாரியில் வரும் பையன் கண்ணால் பார்த்து முடிவு செய்வதுதான் அநியாயம். ஒரு சின்ன எடைத் தராசு வாங்கி வாசலில் வைத்த பிறகு புல்லட் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. தராசு விலை ஆயிரத்துச் சொச்சம். பண்ணைக்காக நான் செய்த செலவுகளில் இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்த செலவு வேறில்லை.

ஜிஎஸ்டி இருக்கிறதே, பில் வருமே என்று எனக்குள் இருந்த பி.காம். பட்டதாரி கேட்டாள். ஓட்டோடு இருக்கும் முட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரி இல்லாத பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை. மக்களுக்கு நல்ல சலுகைதான். ஆனால் லட்சக்கணக்கான ரூபாய்ச் சரக்கு ஒரு முறையான காகிதமும் இல்லாமல் கைமாற இதுவும் வழி செய்துவிடுகிறது. காகிதத்தை நாமேதான் உண்டாக்கவேண்டும்.

2021-க்கு வருகிறேன். ஜனவரியிலேயே கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் வந்தது. கேரளம் நாமக்கல் முட்டைக்குப் பெரிய சந்தை. நம் பக்கம் ஒரு கோழிக்கும் நோய் இல்லை, ஆனாலும் லோடு வருவது நின்று நின்று வந்தது. மே மாதம் ஊரடங்கு. அது ஓய்வதற்குள் தீவனத்தில் சேர்க்கும் சோயா புண்ணாக்கின் விலை. ஆண்டுத் தொடக்கத்தில் கிலோ நாற்பது ரூபாய்ச் சுமாரில் இருந்தது, ஆகஸ்டில் நூறை நெருங்கிவிட்டது. மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்த பிறகுதான் மூச்சு வந்தது. சோயாவைக் குறைத்துவிட்டுக் கடலைப் புண்ணாக்கைக் கூட்டலாம் என்று பக்கத்துப் பண்ணையாளர் சொன்னார். கூட்டினேன். பத்து நாளில் முட்டை எண்ணிக்கை இறங்கியது. திரும்பவும் பழையபடி மாற்றினேன். கோழிக்கு விலைவாசி தெரியாது.

அப்புறம் புரட்டாசி. அந்த மாதத்தில் தமிழ்நாட்டில் பலர் கறியும் முட்டையும் தொடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பண்ணைக்காரருக்கு அது வேறு விதமாகத் தெரியவரும். கோழி புரட்டாசி பார்ப்பதில்லை. நாளுக்கு 280 அட்டை வந்துகொண்டே இருக்கும், லாரி வராது. போன் செய்தால் "நாளைக்குப் பார்க்கலாம் அம்மிணி". முட்டை அறையில் அட்டைகள் தோள் உயரத்துக்கு ஏறி, பிறகு தலைக்கு மேல் ஏறி, கடைசியில் தீவன அறையின் ஒரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டன. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச் மேல் முட்டையை வைத்துப் பார்ப்பேன். புது முட்டையில் அகன்ற முனையில் காற்றறை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக இருக்கும். வெக்கையில் பத்து நாள் கிடந்த முட்டையில் அது அகன்று, உள்ளே மஞ்சள் கரு ஒரு பக்கமாக ஆடுவது தெரியும். அப்படி ஆடியவற்றைத் தனியாக எடுத்து அடுக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அறிவித்த விலை அன்றைக்கும் நாலு ரூபாய்க்கு மேல்தான் இருந்தது. எடுக்க ஆள் இல்லாத சரக்குக்கு விலை என்ன எழுதியிருந்தால் என்ன? கடைசியில் ஒரு பேக்கரிக்காரர் இரண்டு ரூபாய்ச் சொச்சத்துக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார், மீதியில் கொஞ்சம் குழிக்குப் போனது. அந்த மாதம் மட்டும் மூன்று லட்சம் நட்டம்.

புரட்டாசி வரும் என்பது ஓராண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. வடக்கே சாவன் மாதத்தில், நம் ஆடி ஒட்டி, விற்பனை படுக்கும். குளிர்காலத்தில் வட மாநிலங்கள் முட்டையை இழுத்துக்கொள்ளும், அப்போது விலை ஏறும். பள்ளிக்கூட சத்துணவு முட்டை கோடை விடுமுறையில் நின்றுவிடும். இந்த நான்கையும் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு, எந்த வாரத்தில் கிழட்டுக் கோழியைக் கழிப்பது, எந்த மாதத்தில் புதுத் தொகுதி முட்டைக்கு வருவது என்பதைத் திட்டமிடுங்கள். குஞ்சு இறக்குவதிலிருந்து முதல் முட்டை வர நாலரை மாதம் ஆகும், ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடவேண்டும். மாமா இதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது அவருடைய பழைய டைரிகளைப் பார்த்தபோது புரிந்தது. புரட்டாசிக்கு முந்தைய வாரங்களில் ஒவ்வோர் ஆண்டும் 'கழிப்பு' என்று எழுதியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்திடம் முறையிடப் போனேன். விலையை அறிவிக்கிறார்கள், அந்த விலை கிடைப்பதில்லை, யாராவது மேற்பார்வை பார்க்கத்தானே வேண்டும் என்பது என் எண்ணம். எந்த அலுவலகம் என்று சொல்லவேண்டியதில்லை. அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். "கோழிக்கு நோய் என்றால் சொல்லுங்கள் அம்மா, இப்போதே டாக்டரை அனுப்புகிறேன். விலை எங்கள் கையில் இல்லை" என்றார். யார் கையில் என்று கேட்டேன். சிரித்தார். வேறோர் இடத்தில் மனுவை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்கள், அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

பிறகு நானே தேடிப் படித்ததில் புரிந்தது இது. என்இசிசி அரசு வாரியம் இல்லை. 1982-இல் டாக்டர் பி. வி. ராவ் முன்னின்று பண்ணையாளர்களைத் திரட்டி அமைத்தது. அதற்கு முன்பு வியாபாரிகள் வைத்ததுதான் விலை, உற்பத்திச் செலவுக்கும் கீழே விற்றுப் பல பண்ணைகள் மூடப்பட்ட காலம் அது. 'என் முட்டை, என் விலை, என் வாழ்வு' என்பது அவர்களுடைய முழக்கம். அந்த அமைப்பு வந்திராவிட்டால் இன்றைக்கு நாமக்கல்லில் இத்தனை பண்ணைகள் இருந்திருக்காது என்று மூத்த பண்ணையாளர்கள் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவர்கள் வெளியிடுவது பரிந்துரை விலை. அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அது யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துகிற விலையாக ஒரு தனியார் அமைப்பு அறிவித்தால், கூட்டுச் சேர்ந்து விலை வைப்பதைத் தடுக்கும் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் குறுக்கே வரும். ஆகவே பரிந்துரை விலை கிடைக்கவில்லை என்று வழக்குப் போட வழியில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலிலும் முட்டை கிடையாது. கறிக்கோழிக்கும் ஏறக்குறைய இதே கதைதான், பல்லடத்தில் ஒரு குழு பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கிறது.

பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு. அவர்களுக்கு மத்திய அரசு விலை வைக்கிறது. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வெட்டிக் கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தரவேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி. நடைமுறையில் நிலுவை விழத்தான் செய்கிறது, அதற்காக அவர்கள் போராடத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் கையில் ஒரு விதி இருக்கிறது, அதைக் காட்டி ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார முடிகிறது. முட்டைக்காரன் எதைக் காட்டி உட்காருவது?

அரசு எங்களைக் கண்டுகொள்வதே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். பெரும் பண்ணைகளுக்கு மட்டும் என்றிருந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, பசுமைத் தீர்ப்பாயத்தின் 2020 உத்தரவுக்குப் பிறகு 5,000 கோழிக்கு மேல் வைத்திருக்கும் பண்ணைகள்வரை இறங்கி வந்துவிட்டது. எருவை எப்படி வைக்கவேண்டும், ஈ பெருகாமல் எப்படிப் பார்த்துக்கொள்ளவேண்டும், புதுப் பண்ணை குடியிருப்பிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. அது வேண்டியதுதான், எங்கள் ஊர்க் குழந்தைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். எருவில் உட்காரும் ஈக்குக் கிடைத்த கவனம் முட்டைக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த இசைவை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பின்னால் அக்கம்பக்கத்தில் தகராறு வந்தால் முதலில் கேட்கப்படும் காகிதம் அதுதான்.

மற்ற நாடுகளில் எப்படி என்றும் பார்த்தேன். கனடாவில் முட்டை வாரியத்துக்குச் சட்ட அதிகாரமே உண்டு. யார் எத்தனை கோழி வைக்கலாம் என்பதற்கு ஒதுக்கீடு, உற்பத்திச் செலவை வைத்துப் பண்ணையாளருக்கு விலை. அந்த வாரியங்கள் தம் இஷ்டத்துக்கு ஆடாதபடி 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மேலே ஒரு மேற்பார்வைக் குழுவும் வைத்திருக்கிறார்கள். படித்தபோது பொறாமையாக இருந்தது. கொஞ்சம் தோண்டினால், 1974-இல் அதே முட்டை வாரியத்தின் கிடங்குகளில் இரண்டு கோடியே எண்பது லட்சம் முட்டை கெட்டுப்போய் நாடே சிரித்திருக்கிறது. ஒதுக்கீட்டை விலை கொடுத்து வாங்கவேண்டியிருப்பதால் புதியவர்கள் உள்ளே நுழைவதும் அங்கே பெரும்பாடு. பிரிட்டனில் 1950-களில் அமைத்த முட்டை வாரியத்தை 1971-இல் கலைத்தே விட்டார்கள். கனடா மாதிரி வேண்டும் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அறிவித்த விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதா மாதம் பதிவு செய்து வெளியிட ஓர் அரசு அலுவலகம், கொள்முதல் சீட்டில் விலையும் தேதியும் எழுதியே ஆகவேண்டும் என்று ஒரு விதி, இவ்வளவு இருந்தால் போதும். இதற்குக் கோடிகள் செலவாகாது.

அது வரும்வரை நாமே செய்துகொள்ளவேண்டியவை உண்டு. நான் செய்துகொண்டவற்றைச் சொல்கிறேன். முதலில், வியாபாரியோடு எழுத்தில் ஓர் ஏற்பாடு. பத்திரப்பதிவு எதுவும் வேண்டாம், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். எந்த நாளின் விலை, மைனஸ் எவ்வளவு, உடைசல் யார் பொறுப்பு, எத்தனை கிராமுக்குக் கீழே புல்லட், எத்தனை நாளில் பணம். நானே தட்டச்சு செய்து அனுப்பி "சரிதானே அண்ணா?" என்று கேட்பேன். "சரி" என்று ஒரு சொல் வந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். முதல் தடவை அவருக்கு முகம் சுருங்கியது. "நம்பிக்கை இல்லையா அம்மிணி?" என்றார். நம்பிக்கை இருப்பதால்தான் எழுதிக்கொள்கிறேன், மாமா மாதிரி எனக்கு ஞாபகசக்தி இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அன்றன்று லோடு போனதும் எண்ணிக்கை, விலை, தொகை மூன்றையும் நானே செய்தியாக அனுப்பிவிடுகிறேன். மறுப்பு வந்தால் அன்றே வரும், மாதக் கடைசியில் சண்டை இல்லை.

அடுத்தது, இரண்டாவது வாங்குபவர். ஒரே வியாபாரியிடம் முழு லோடையும் கொடுத்தால் அவர் வராத நாளில் நம் பாடு திண்டாட்டம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பலர் தீவனத்துக்கோ குஞ்சுக்கோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், வாங்கிவிட்டால் வேறு ஆளுக்கு விற்க வாய் வராது. அந்த முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள், மைனஸில் ஐந்து பைசா கூடியிருப்பதைக் கவனித்தால் வட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும். நாங்களும் வாங்கியிருந்தோம். நகையை வங்கியில் வைத்து அந்தக் கணக்கை முடித்தேன். இப்போது முக்கால் பங்கு பழைய வியாபாரிக்கு, கால் பங்கு ராசிபுரம், சேலம் பக்கத்து விடுதிகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் நேராக. நேர் விற்பனையில் அலைச்சல் அதிகம், கடன் சொல்லுகிறவர்களும் அதிகம். ஆனால் மைனஸ் இல்லை, சில நாள் அறிவித்த விலைக்கு மேலேயே கிடைக்கிறது. எல்லா முட்டையையும் நேராக விற்றுவிடலாம் என்று யூடியூபில் சொல்பவர்களை நம்பவேண்டாம். தினமும் 8,500 முட்டையைச் சில்லறையில் விற்பது தனியே ஒரு தொழில்.

கோழியைக் கழிக்கும்போதும் விழித்திருங்கள். முட்டை ஓய்ந்த கோழி கிலோ கணக்கில் போகும், அதற்கும் தினம் ஒரு விலை அறிவிப்பு வரும். அங்கே ஏமாறுவது விலையில் குறைவு, எடையில்தான் அதிகம். எடைபோடும் இயந்திரத்தில் அந்த ஆண்டின் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காலிக் கூண்டுகளை முதலில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம்மிடம் இருக்கும் ஒரு தீவன மூட்டையை ஏற்றிப் பார்த்தாலே தராசின் குணம் தெரிந்துவிடும். நான் மூட்டையை ஏற்றச் சொன்ன அன்று அந்த ஆள் லாரியிலிருந்து வேறொரு தராசை இறக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

கடைசியாகக் காசோலை. கடைசியில் வந்தாலும் எனக்கு அதிகம் வலித்தது இதுதான். புரட்டாசி முடிந்து விலை ஏறியபோது புதிதாக ஒரு வியாபாரி வந்தார், மைனஸ் குறைவாகச் சொன்னார். சில வாரம் சரியாகக் கொடுத்தார், பிறகு இழுத்தார். நாலரை லட்சத்துக்கு மேல் நின்றுபோனது. இரண்டு லட்சத்துக்குக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பி வந்தது. வங்கி தந்த அந்தத் துண்டுச்சீட்டோடு ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியில், ஓட்டுநர் இரண்டு முறை "உடம்பு சரியில்லையா அக்கா?" என்று கேட்டார். இதில் காலக்கெடு முக்கியம். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் வக்கீல் அறிவிப்பு எழுத்தில் போகவேண்டும். அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கவேண்டும். "பொங்கல் முடியட்டும் அக்கா, தந்துவிடுகிறேன்" என்பதுபோன்ற வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு அந்த 30 நாளைத் தவறவிட்டவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. 2018 திருத்தத்துக்குப் பிறகு, வழக்கு நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். வக்கீலிடம் அதைக் கேட்டுக் கேட்டு மனுப் போடச் செய்யுங்கள், தாமாக யாரும் போடமாட்டார்கள். காசோலை இல்லாத மீதித் தொகைக்கு உரிமையியல் வழக்குத்தான், மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு.

வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டு லட்சத்தில் நாற்பதாயிரம் இடைக்கால இழப்பீடாக வந்தது, மீதி எப்போது என்று தெரியாது. காசோலை இல்லாத தொகைக்கு என் வக்கீல் முதலில் கேட்டது லாரி லோடு ஏறிய சீட்டுகளைத்தான். பாதிச் சீட்டில் தேதி இல்லை. வாசல் கேமராப் பதிவும் சில வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. நல்லவேளையாக, பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண் தினமும் சுவர் நாட்காட்டியில் அட்டை எண்ணிக்கையையும் வந்த லாரியின் கடைசி நான்கு எண்ணையும் தன் பழக்கத்துக்காகக் கிறுக்கி வைத்திருந்தாள். அந்த நாட்காட்டித் தாள்களை ஒழுங்காகக் கத்தரித்து, மாதவாரியாகக் கட்டி, வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். இப்போது அவளுக்கு ஒரு தனி நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு லோடுக்கும் லாரி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போடாத லாரியில் அட்டை ஏறாது.